கண்ணாடிக்கு இடது பக்கம்

மூடுபனியைப் படம் எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சோம்பேறிகள். இதைச் சொன்னால் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள், நிற்கட்டும். பனி இறங்கிய காலையில் எந்தக் கேமராவை எந்தப் பக்கம் நீட்டினாலும் படம் அழகாகத்தான் வரும். பின்னால் இருக்கிற குப்பைமேடு, மின்கம்பம், பாதியில் நிறுத்திய கட்டடம் எல்லாவற்றையும் பனியே துடைத்துக் கொடுத்துவிடும். அதிலும் கறுப்பு வெள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். கூடவே, முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டவெளியைப் பார்த்து நிற்கும் ஒரு ஆள். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அவன் நிற்கிறான். அவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

என் படங்களில் ஆள் முகம் காட்டித்தான் நிற்பார். அந்த ஆள் என் அப்பா.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒல்லி, நெட்டை. கறுப்புக் கோட்டு ஒன்றை மாட்டிக் கையில் குடையைக் கொடுத்துத் தூரத்தில் நிறுத்தினால் சுவரில் பாதி அடித்த ஆணி மாதிரி இருப்பார். பனியில் அந்த ஆணி ஒன்றுதான் கறுப்பு, மற்றதெல்லாம் சாம்பல். எனக்கு வேண்டியது அதுதான். வேறு ஆட்களை வைத்துப் பார்க்காமல் இல்லை. அக்கா ஒருமுறை வந்து நின்றாள். முதல் படத்துக்கு மூக்கைச் சொறிந்தாள், இரண்டாவது படத்துக்கு, "நான் என்ன லைட் கம்பமாடி?" என்று கேட்டுவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அப்படியில்லை. நில் என்றால் நிற்பார். கிரேன் அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாதி நேரம் தெரியாதாம். கீழே நிற்கிற ஆள் சொல்வதுதான் கண்ணாம். அந்தப் பழக்கத்தில் என் பேச்சுக்கும் மறுபேச்சுப் பேசமாட்டார். வீட்டில் அம்மா சொல்வதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார், அது வேறு கதை.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. அதில்தான் படம் கழுவுகிறேன். வாளிக்குப் பக்கத்தில் மூன்று தட்டு, கதவிடுக்கில் பழைய துண்டு, குழாய்க்கு மேலே சிவப்பு பல்பு. நான் உள்ளே போனால் யாரும் உள்ளே வரமுடியாது. அம்மா வெளியே நின்று கத்துவாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கு முத்திப்போச்சு. ஊர்ல எல்லா அப்பனும் பேரப்பிள்ளைய தூக்கிட்டுத் திரியறான், இந்த மனுஷன் சேத்துல போயி சிலையா நிக்கறாரு!"

"சிலைன்னா சும்மாவா? காக்கா உக்காராம பாத்துக்கணும்," என்பார் அப்பா.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அது பெரிய மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி. படம் அந்தக் கண்ணாடியில்தான் விழும். வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, அதனால் ஒரு கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். கண்ணாடியில் எல்லாமே தலைகீழ். வானம் கீழே, தரை மேலே, அப்பா வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருப்பார். இடமும் வலமும்கூட மாறித்தான் விழும்.

அதில் ஒரு சௌகரியம் உண்டு. அப்பா என்னைப் பார்த்து நிற்கிறார் அல்லவா? எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரில் ஒருவருடைய வலது அடுத்தவருக்கு இடது. ஆனால் கண்ணாடி அதையும் புரட்டிவிடுவதால், கண்ணாடியில் எது இடதோ அதுவே அப்பாவின் இடது கைப் பக்கம். துணிக்குள் இருந்து "இடது பக்கம் ரெண்டடி" என்று நான் கத்துவேன், அவர் தன் இடது கைப் பக்கம் இரண்டடி வைப்பார். உன் இடதா என் இடதா என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை. துணிக்கு வெளியே நின்று நான் அவருக்கு வழி சொன்னதும் இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, போன மாதம் வரைக்கும்.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுவெளி இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தரை தெரியும். எப்போதோ இடிந்துபோன படகுத்துறையின் மரக்கம்பங்கள் கரையிலிருந்து வரிசையாக உள்ளே போகும். கம்பங்களை ஒட்டி மணல் கெட்டியாக இருக்கும், சைக்கிளே ஓட்டலாம். அதற்கு இடது பக்கம், அதாவது கரையில் நின்று கடலைப் பார்க்கிறவருக்கு இடது பக்கம், ஒரு ஓடை. வற்றிய நேரத்தில் பார்த்தால் பளபளவென்று சேறு, அவ்வளவுதான். கடல் ஏறும்போது தண்ணீர் முதலில் வருவது அந்த ஓடை வழியாகத்தான். மீன்பிடிக்கிறவர்கள்கூட அதில் கால் வைக்கமாட்டார்கள்.

நாங்கள் போனபோது பனி நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. முதல் கம்பம் கறுப்பு, அடுத்தது கொஞ்சம் வெளுப்பு, அதற்கடுத்தது இன்னும் வெளுப்பு, கடைசிக் கம்பம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. எனக்குச் சந்தோஷத்தில் கை பரபரத்தது. அப்பாவைக் கடைசிக் கம்பத்துக்கும் அப்பால் போய் நிற்கச் சொன்னேன்.

"இன்னும் பின்னாடியா?"

"இன்னும் பின்னாடிதான். உங்க மூக்கு தெரியக்கூடாது, குடை மட்டும் தெரியணும்."

"மூக்கு தெரியாம இருக்க நான் எந்த ஊருக்குப் போறது, மொளகா?" என்றார். என் கோபத்துக்கு அவர் வைத்த பெயர் அது. அவர் மூக்கு எங்கள் குடும்பத்திலேயே பெரியது.

படம் எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், கிளம்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டது என்பதும் தெரியும். ஆனால் பனி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு படமும் முந்தையதைவிட நன்றாக வரும் போலிருந்தது. இன்னும் ஒன்றே ஒன்று என்று ஃபிலிமை மாட்டினேன். ஷட்டரை அழுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். குடை இல்லை. அப்பா இல்லை. கடைசிக் கம்பம் இல்லை, அதற்கு முந்தைய கம்பங்களும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரே ஒரு கம்பம் மட்டும் பாதி தெரிந்தது.

"அப்பா! போதும், வாங்க!"

"எந்தப் பக்கம்மா?" குரல் எங்கிருந்தோ வந்தது. முன்னாலிருந்தா, பக்கவாட்டிலிருந்தா என்று சொல்லமுடியவில்லை.

"கம்பத்தப் புடிச்சிட்டே வாங்க!"

"கம்பம் எங்க இருக்கு? என் கையே எனக்குத் தெரியல."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. யாரோ பக்கத்து அறையில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதுபோல ஒரு களக் களக். ஓடையில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"என் குரலப் பாத்து வாங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன். வாங்க, வாங்கப்பா, நேரா வாங்க."

பேச்சுக்கு எனக்கா பஞ்சம்? பேசினேன். முட்டி வலிக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் ஜன்னல் வழியாகப் போட்டதைச் சொல்லித் திட்டினேன். அம்மாவுக்குத் தெரியாமல் சர்க்கரை போட்டுக் குடிப்பதைச் சொல்லித் திட்டினேன். அவர் நடுநடுவே "ம்" என்றார். அந்த "ம்" பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மூச்சை விட்டேன்.

பனிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மூடியிருக்கும்போது முழுக்க மூடியிருக்காது, சட்டென்று ஒரு ஜன்னல் மாதிரி திறந்துவிட்டு மூடிக்கொள்ளும். அப்படித் திறந்தது. அப்பாவைப் பார்த்தேன். கூப்பிடு தூரம்தான். என்னைப் பார்த்துத்தான் நடந்துவந்துகொண்டிருந்தார், ஆனால் கம்பங்களை விட்டு வெகுவாக விலகி, எனக்கு இடது பக்கமாக ஒதுங்கியிருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே ஓடை. இன்னும் நாலு எட்டு வைத்தால் விளிம்பு. அவர் அதைப் பார்க்கவில்லை, என் குரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம்!" என்று அலறினேன். "வலது பக்கம் வாங்கப்பா! சீக்கிரம்!"

அவர் யோசிக்கவில்லை. உடனே திரும்பி வலது பக்கம் கால் வைத்தார். தன் வலது பக்கம். ஓடைப் பக்கம். ஓர் அடி. இன்னோர் அடி. ஜன்னல் மூடிக்கொண்டது.

தொபீர் என்று ஒரு சத்தம்.

நான் செய்தது என்ன என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. நான் துணிக்கு வெளியே நின்றிருந்தேன். கண்ணாடி இல்லாமல் என் கண்ணால் பார்த்து, என் வலதைச் சொல்லியிருந்தேன். அவரோ எப்போதும் போலத் தன் கையைப் பார்த்துக் காலை வைத்துவிட்டார். என் அப்பாவை என் வாயாலேயே ஓடையில் தள்ளிவிட்டேன்.

"அப்பா!"

பதில் இல்லை. களக் களக் சத்தம் மட்டும்.

"அப்பா! அப்பா!"

"இருக்கேன், இருக்கேன்." இருமினார். "கத்தாத. இடுப்பு வரைக்கும் இறங்கிடுச்சு. செருப்பு போச்சு."

"நான் வர்றேன். அங்கயே இருங்க, நான் வர்றேன்."

"வராத!" அப்பா என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "நீ அசைஞ்சா எனக்கு இருக்கற ஒரு திசையும் போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் தேட வேண்டியதுதான். நின்ன எடத்துலயே நில்லு. நின்னு சொல்லு, எந்தப் பக்கம்?"

யாரையாவது போனில் கூப்பிடலாம், அவர்கள் வந்து சேர்வதற்குள் ஓடை நிரம்பிவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வரவில்லை. இடது, வலது இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. இடது என்றால் எது? என்னுடையதா? அவர் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்? முதலில் சொன்னது தப்பு என்றால் அதற்கு எதிர்ச்சொல்தான் சரி, இது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் விழுந்தபோது அவர் திரும்பியிருந்தால்? இன்னொரு முறை தப்பாகச் சொன்னால் அவர் அப்படியே அதையும் கேட்பாரே! நாள் முழுக்க ஓயாமல் பேசுகிறவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா, பேச்சே காணோம்?"

"அப்பா, நான் தப்பா சொல்லிட்டேன்." அழுதுகொண்டே சொன்னேன்.

"சரி விடு. இப்ப சரியா சொல்லு. தண்ணி ஏறுது."

அதைத் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

என் வாய் தப்பே சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. ஃபிலிமை உருவிவிட்டு, கறுப்புத் துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். உள்ளே இருட்டு, என் மூச்சுச் சத்தம், கண்ணாடி. கண்ணாடி முழுக்க ஒரே சாம்பல். லென்ஸை முழுசாகத் திறந்தேன். சாம்பல் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

"என் குரலப் பாத்துதான நிக்கறீங்க?"

"ஆமா."

"குடை இருக்கா?"

"கைலதான் இருக்கு."

"விரிச்சுத் தலைக்கு மேல தூக்கிப் புடிங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேல."

வெளியே வெறுங்கண்ணுக்குப் பனியின் வெளிச்சமே கூசியது. இந்த இருட்டில் கண் மெல்லப் பழகியது. கேமராவை இடது பக்கம் கொஞ்சம் திருப்பினேன். கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு கறை. கண்ணாடியில் அழுக்கோ என்று விரலால் துடைத்தேன், போகவில்லை. அசைந்தது. குடை! கீழ்நோக்கித் தொங்குகிற ஒரு சின்னக் குடை, அதற்கு மேலே அப்பா, அவருக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீர். தண்ணீர் மேலிருந்து அவர் மேல் இறங்கிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தலைகீழாகவே பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஆனாலும் அதை மட்டும் மனதுக்குள் நிமிர்த்திக்கொள்ள ஒரு கணம் ஆனது.

அவர் கண்ணாடியின் வலதில் இருக்கிறார். கண்ணாடியின் இடதுக்கு வர வேண்டும்.

"இடது பக்கம்," என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். உடனே திறந்தேன், மூட எனக்கு உரிமை இல்லை.

"கால் வரமாட்டேங்குது."

"பின்னால சாஞ்சு, ஆட்டி ஆட்டி எடுங்க. அவசரப்படாதீங்க."

கறை அங்கேயே இருந்தது. தண்ணீர் அவர் மார்பைத் தொட்டுவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போச்சு என்று நினைத்தேன். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை, "அப்பா அப்பா" என்றுதான் வந்தது. குடை மறுபடி நிமிர்ந்தது.

"ஒரு கால் வந்துடுச்சு."

"இடது பக்கம் வைங்க."

"வெச்சுட்டேன். வழுக்குது."

"இன்னும் இடது. இன்னும். விடாதீங்கப்பா, இன்னும் ஒரு அடி."

கறை நகர்ந்தது. ஊர்ந்துதான் நகர்ந்தது, ஆனால் இடது பக்கம் நகர்ந்தது. கண்ணாடியில் அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டு கூடவே நகர்த்தினேன், என் விரல்தான் அவரை இழுக்கிறது என்பதுபோல. பாதியில் பனி வந்து அவரை மறைத்தது. விரல் இருந்த இடத்தில் வெறும் சாம்பல்.

"அப்பா?"

பதில் இல்லை.

"அப்பா! பேசுங்க!"

"மூச்சு வாங்குதும்மா, இரு." ஒரு பெரிய சளக். "மண்ணு கெட்டியா இருக்கு. முழங்கால்தான் தண்ணி."

"அப்படியே நேரா வாங்க. என் குரலுக்கு நேரா."

துணியை விட்டு நான் தலையை எடுக்கவே இல்லை. குடையின் நுனி என் கேமராவில் வந்து இடித்தபோதுதான் எடுத்தேன். அப்பா நின்றிருந்தார். கழுத்து வரைக்கும் சேறு, பல் தந்தியடித்தது, கோட்டிலிருந்து தண்ணீர் கொட்டியது. கேமரா ஸ்டாண்டின் காலைச் சுற்றித் தண்ணீர் வந்திருந்தது, நான் கவனித்திருக்கவில்லை. அவரைக் கட்டிக்கொண்டேன். சின்ன வயதுக்குப் பிறகு நான் அப்பாவைக் கட்டிக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் குடையை மடக்கினார்.

கரைக்கு ஏறி வண்டியில் உட்காரவைத்துக் கறுப்புத் துணியால் போர்த்தினேன். காலைத் தேய்த்துவிட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. போன உயிர் திரும்பி வந்த வேகத்தில் எனக்குக் கோபமும் திரும்பி வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"சேறுன்னு கால் வெச்சதுமே தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதே. மொத அடியிலயே கணுக்கால் உள்ள போயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு அடுத்த அடி வெச்சீங்க?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டதுபோலப் பார்த்தார்.

"நீதான சொன்ன."

வண்டியை எடுத்தேன். பனி இன்னும் விலகவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் அப்பாவுக்கு நடுக்கம் குறைந்தது. வழியில் எங்கேயாவது நிறுத்தி டீ குடிக்கலாமா, நேராக வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன்.

"நீ என்ன சொல்றியோ அதும்மா," என்றார்.

எனக்குச் சொல்லப் பயமாக இருந்தது.